சிஞ்ஞோராவுக்கு ஒரு பன்றித் துவக்கு

1

தொண்ணூற்றாறாம் ஆண்டு புரட்டாதியில், ஒரே கிழமைக்குள் என் தலையில் இரண்டு வேலைகள் வந்து விழுந்தன. ஒன்று, மல்லாவியிலிருந்து தங்கச்சி ராணி எழுதிய கடிதத்துக்குப் பதில் எழுதுவது. மற்றது, நான் வேலை செய்யும் வீட்டுச் சிஞ்ஞோராவுக்கு, அதாவது வீட்டு அம்மாவுக்கு, காட்டுப்பன்றி சுட நல்ல துவக்கு ஒன்று தெரிந்தெடுத்துக் கொடுப்பது. இரண்டாவது வேலை முடியும்வரை முதலாவதை முடிக்க என்னால் முடியவில்லை. அது ஏன் என்று ஊரில் இருந்து வாசிக்கிற உங்களுக்குச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

ராணியின் கடிதம் என் கைக்கு வரும்போது அதற்கு இரண்டு மாத வயது. யாரோ கொழும்புக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து தபாலில் போட்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து சனமெல்லாம் வெளிக்கிட்டபோது அவளும் பிள்ளையும் வன்னிக்கு வந்து மல்லாவியில் ஒரு கொட்டிலில் இருந்தார்கள். புருசன் இல்லை, சுபா ஒருத்திதான் பிள்ளை.

“அண்ணை, சுபா போன மாசம் இயக்கத்துக்கெண்டு போட்டாள். காய்ச்சல் பிடிச்சுப் பத்தாம் நாள் கொண்டுவந்து விட்டிட்டினம். சுகம் வந்தால் திரும்பப் போவன் எண்டு நிக்கிறாள். நான் சொல்லிக் கேக்கிறாளில்லை. மாமாவின்ரை சொல்லெண்டால் கேப்பாள். நீங்கள் ஒரு கடிதம் எழுதுங்கோ.”

சுபாவுக்குப் பதினாறு வயது. என் மகள் தர்சினிக்கும் அதே வயது. இரண்டு பேருக்கும் இடையில் மூன்று மாதம்தான் வித்தியாசம்.

கடிதத்தை மனைவி வசந்திக்குக் காட்டவில்லை. தர்சினிக்கும் சொல்லவில்லை. பெர்மெஸ்ஸோ, அதுதான் இத்தாலியில் இருக்கிறதுக்கான அனுமதிப் பத்திரம், அதை வைக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் செருகி வைத்தேன். அந்த உறையை வீட்டில் என்னைத் தவிர யாரும் திறப்பதில்லை.

2

சிஞ்ஞோரா ரொசாரியாவின் வீடு பொலிதேயாமாப் பக்கம். நாங்கள் இருக்கும் அல்பெர்கேரியாவிலிருந்து நடந்தே போய்விடலாம். ஆறு வருடமாக அவரிடம் வேலை செய்கிறேன். வீடு துடைப்பேன், சந்தைக்குப் போவேன், கார் ஓட்டுவேன். பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்ற மனுசி. ஐம்பத்தெட்டு வயது, உயரம் என் நெஞ்சளவுதான்.

கணவர் இறந்தபோது செஃபலுவுக்கு மேலே மலையில் ஒரு காணி அவருக்கு வந்தது. பாதாம் மரங்கள், கொஞ்சம் கோதுமை, ஒரு பயற்றுத் தோட்டம். அந்த மலையில் காட்டுப்பன்றி பெருகிக்கொண்டிருந்தது. இரண்டு வருடமாக விளைச்சலில் பாதிக்குமேல் பன்றிக்குப் போயிற்று. கணவரின் தம்பி தோனினோ வரும்போதெல்லாம் ஒரே கதைதான்: “எனக்குத் தந்துவிடுங்கள் அண்ணி. வேட்டைக்குப் போகிற ஆம்பிளை இல்லாத வீட்டுக்கு அந்தக் காணி சரிவராது.”

சிஞ்ஞோரா காணியைக் கொடுக்கவில்லை. சோதனை எழுதி வேட்டை அனுமதி எடுத்தார். துவக்குச் சுடப் பழக்கும் இடத்துக்கு மாதக்கணக்காய்ப் போனார். இது எதுவும் எனக்குப் பிரச்சினையில்லை. பிரச்சினை என் வாயால் வந்தது.

ஒரு நாள் அவரைக் காணிக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். பயற்றம் பாத்தி முழுக்க உழுது கிடந்தது. நான் குந்தியிருந்து மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு, யோசிக்காமல் சொன்னேன்: “இது நேற்றையது இல்லை சிஞ்ஞோரா, முந்தநாள். ஒரு தாய், நாலைந்து குட்டி. அந்தப் பக்கத்தாலே வந்து இந்தப் பக்கத்தாலே போயிருக்கு.”

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

“உனக்கு எப்படித் தெரியும், சிவா?”

பொய் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. ஒட்டுசுட்டான் பக்கம் பிறந்தவனுக்குப் பன்றித் தடம் தெரியாமல் இருக்குமா? பதினேழு வயதிலிருந்து நான் இடியன் துவக்கோடு காட்டில் திரிந்தவன். குழல் வாயால் மருந்து இடித்து, ஈயம் போட்டு, ஒரே ஒரு வெடி. தவறினால் மரத்தில் ஏற வேண்டும்.

அதைச் சொன்னேன். சொன்ன உடனேயே சொல்லியிருக்கக் கூடாது என்று பட்டது.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் குவெஸ்தூராவில், வெளிநாட்டவர் பதியும் அந்தப் பொலிஸ் கந்தோரில், ஒரு அதிகாரி மொழிபெயர்ப்பாளரை வைத்து என்னைக் கேட்டார்: “எப்போதாவது ஆயுதம் பாவித்திருக்கிறாயா?” நான் “ஒருநாளும் இல்லை” என்றேன். அவர் அதை எழுதினார்; நான் கையெழுத்து வைத்தேன். பன்றி சுட்டதை ஆயுதம் பாவித்தது என்று சொல்வார்களா என்று அன்றும் எனக்குத் தெரியாது, இன்றும் தெரியாது. ஆனால் இலங்கைத் தமிழன் வாயிலிருந்து துவக்கு என்ற சொல் வந்தால் கேட்பவன் பன்றியை நினைக்க மாட்டான் என்பது மட்டும் தெரியும்.

சிஞ்ஞோரா காருக்குள் ஏறும்போது சொன்னார்: “புதன்கிழமை கடைக்குப் போகிறோம். நீயும் வருகிறாய்.”

3

என் இத்தாலியன் சந்தைக்குப் போதும், துவக்குக் கடைக்குக் காணாது. அதனால் தர்சினியையும் கூட்டிக்கொண்டு போனேன். அது நான் செய்த இரண்டாவது பிழை.

கடைக்காரர் சிஞ்ஞோராவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே கதைத்தார். ஒரு துவக்கை எடுத்து நீட்டி, “கால்ச்சோ எப்படி?” என்று கேட்டார். கால்ச்சோ என்றால் எனக்கு உதைபந்தாட்டம்தான் தெரியும். “நான் விளையாடுறதில்லை, ஊரில் வொலிபோல்தான்” என்றேன். தர்சினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“அப்பா, தோளிலை முட்டுற கட்டையையும் கால்ச்சோ எண்டுதான் சொல்லுறது. அவர் அதின்ரை நீளம் சரியோ எண்டு கேக்கிறார்.”

பந்துக்குச் சொல்லுகிற சொல்லைத்தான் சன்னத்துக்கும் சொல்லுகிறார்கள். நாய் என்ற சொல் துவக்கின் சுத்தியலுக்கு. விசைக்குச் சில்வண்டின் பெயர். ஊரில் பெயர் தெரியாமலே கைப்பழக்கத்தில் இருந்ததெல்லாம் இங்கே மகள் சொல்லித் தந்து நான் படிக்கிற பாடமாகிவிட்டது.

கடைக்காரர் மேசையில் மூன்று துவக்குகளை அடுக்கினார். முதலாவது, விசையை இழுக்க இழுக்கத் தானாய் அடுத்த சன்னம் ஏறுவது. “புதிதாய்ப் பழகுபவருக்கு இதுதான் நல்லது. ஒன்று தவறினால் மற்றது இருக்கிறது” என்றார். இரண்டாவது பெரிய குழல், பெரிய சன்னம், மேலே நீளமான தொலைகாட்டி. “இது யானையையும் விழுத்தும்” என்றார். மூன்றாவது, ஒவ்வொரு வெடிக்கும் கையால் இழுத்துச் சன்னம் ஏற்றுகிற சாதாரண றைபிள். அதை மூலையில் தள்ளி வைத்திருந்தார்.

சிஞ்ஞோரா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மகளிடம் தமிழில் சொன்னேன்; அவள் அதை அவர்களுக்குச் சொன்னாள்.

“முதலாவது வேண்டாம் எண்டு சொல்லு. அடுத்தது இருக்கு எண்டு தெரிஞ்சால் புதுசாச் சுடுற ஆள் முதல் வெடியைக் கவனமில்லாமல் வைப்பார். பிறகு அவசரத்திலை இரண்டாவதை நாய்க்கோ மனுசனுக்கோ வைப்பார்.

“இரண்டாவதும் வேண்டாம். அது தோளிலை குடுக்கிற அடிக்கு அவ அடுத்த தரம் விசையைத் தொடமுன்னமே கண்ணை மூடுவா. பன்றி வாறது பத்தைக்குள்ளாலை, முப்பது நாப்பது அடியிலை. அவ்வளவு பெரிய தொலைகாட்டியாலை பாத்தால் மயிர்தான் தெரியும், பன்றி தெரியாது.”

“அப்ப மூண்டாவதோ?”

“ஓம். சன்ன அளவு முந்நூற்றெட்டு எண்டு போட்டிருக்கு, அது காணும். ஆனால் கட்டை நீளம். இரண்டு விரற்கடை வெட்டி, நுனியிலை றப்பர் வைக்கவேணும். இதைவிடப் பாரம் குறைஞ்சது எடுக்கவும் கூடாது. பாரம் குறையக் குறைய அடி கூடும்.”

கடைக்காரர் இப்போது வேறு மாதிரி என்னைப் பார்த்தார். “எங்கே பழகினாய்? தமிழ் தானே நீ? கெரில்லாவா?” என்று கேட்டுச் சிரித்தார்.

 தர்சினி அதை மொழிபெயர்க்கவில்லை. அந்தச் சொல் எனக்கு விளங்கும் என்று அவளுக்குத் தெரியும். சிஞ்ஞோரா வகுப்பறைக் குரலில், “துவக்கு வாங்க வந்தது நான். என்னோடு கதையுங்கள்” என்றார்.

பிறகு நான் சிஞ்ஞோராவிடம் கண்ணை மூடச் சொன்னேன். மூடியபடி துவக்கைத் தோளுக்கு உயர்த்தி, கன்னத்தை வைத்து, பிறகு கண்ணைத் திறக்க வேண்டும். திறந்த உடனே குறி நேராகத் தெரிந்தால் அது அவருடைய துவக்கு. தெரியாவிட்டால் வேறு ஆளுடையது. பத்துத் தரம் செய்தார். கட்டை நீளத்தால் ஒவ்வொரு தரமும் ஒரே அளவு தவறியது. “பிழை ஒரே மாதிரி வருகிறது. அப்படியானால் திருத்தலாம்” என்றார். கடைக்காரர் அவரின் கையை முழங்கையிலிருந்து விரல் வரை நாடாவால் அளந்து எழுதினார்.

அந்த நேரம் பார்த்து, “நீயும் பிடித்துப் பார், சிஞ்ஞோரினா” என்று கடைக்காரர் தர்சினியிடம் அந்த றைபிளைக் கொடுத்தார். அவள் கண்ணை மூடினாள், உயர்த்தினாள், திறந்தாள். எதுவும் திருத்த வேண்டியிருக்கவில்லை. கட்டை தோளில் பொருந்தியது, கன்னம் தானாய்ச் சாய்ந்தது, இடது கை அசையாமல் நின்றது.

நான் அவள் கையிலிருந்து அதைப் பறித்தேன். “வையடி!” என்று கத்தியிருக்கிறேன். கடையில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். என் கையில் றைபிள். வெளியே, வீதிக்கு அந்தப் பக்கம், கொலை மிரட்டல் இருந்த ஒரு நீதிபதியின் வீட்டு வாசலில் காவல் நின்ற பட்டாளத்துப் பெடியன் கண்ணாடிக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அதை மெதுவாக மேசையில் வைத்தேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது தர்சினி கேட்டாள்: “பெர்கே அப்பா? ஏன் அப்பிடிக் கத்தினனீங்கள்? நான் என்ன செய்தனான்?”

“ஒண்டுமில்லை, பிள்ளை.”

“எப்பவும் ஒண்டுமில்லை எண்டுதான் சொல்லுறியள்” என்று இத்தாலியனில், அதுவும் பல்லாரோச் சந்தையில் கூவுகிறவர்களின் இழுவையோடு சொல்லிவிட்டு முன்னால் போனாள்.

4

வெள்ளிக்கிழமை எனக்குக் குவெஸ்தூராவில் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கும் தவணை. விடிய முன்னரே வரிசை தொடங்கும். எனக்கு முன்னால் மன்னாரைச் சேர்ந்த ஒருவர் செபமாலை உருட்டிக்கொண்டு நின்றார். எனக்கு உருட்ட ஒன்றுமில்லை. மனதுக்குள் பதில்களை உருட்டிக்கொண்டு நின்றேன். கடைக்குப் போனது உண்மை. சிஞ்ஞோராவோடு போனேன். தொட்டது உண்மை. கடைக்காரர் தந்ததால் தொட்டேன்.

யன்னலுக்குப் பின்னால் இருந்தவர் என் கோப்பைத் திறந்தார். ஒரு தாளில் விரலை வைத்து நிறுத்தினார். பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு பேரும் என்னை ஏறிட்டுப் பார்த்தார்கள். நான் யன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன்.

“சிவபாதம் உன்னுடைய பெயரா, குடும்பப் பெயரா?”

“பெயர்.”

“இங்கே குடும்பப் பெயராக இருக்கிறது. உன் மகளுக்கு வேறு குடும்பப் பெயர். அப்படியானால் அவள் யாருடைய மகள்?”

எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை, அப்பாவின் பெயரைத்தான் முன்னால் போடுவோம் என்று அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தினேன். அவருக்கு விளங்கவில்லை, ஆனால் களைத்துப்போய், ஒரு துண்டு ரசீதில் முத்திரை குத்தித் தந்து, பிறகு வா என்றார். துவக்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை. படி இறங்கும்போது நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. இன்றைக்குக் கேட்கவில்லை என்பதுதான் மனதில் நின்றது.

உறைக்குள் ரசீதை வைத்தபோது ராணியின் கடிதம் விரலில் பட்டது. அன்று பின்னேரம் எழுத இருந்தேன். “அன்பு மருமகள் சுபாவுக்கு” என்று எழுதினேன். அடுத்த வரி வரவில்லை. துவக்கைத் தூக்காதே என்று எழுதுவதா? நேற்று முன்தினம்தான் ஒரு மனுசிக்கு எந்தத் துவக்கு நல்லது என்று ஒரு மணித்தியாலம் வகுப்பெடுத்தேன். போராட்டம் சரி, பிழை என்று எழுதுவதா? விட்டுவிட்டு வந்தவனுக்கு அதைக் கதைக்க என்ன வாய் இருக்கிறது? தாளை மடித்துக் கிழித்தேன்.

5

கார்த்திகையில் முதல் வேட்டை. திருத்திய றைபிளைப் பூட்டிய பெட்டியில் வைத்துக்கொண்டு சிஞ்ஞோரா பின்னால் இருந்தார். பிரான்காச்சோவைத் தாண்டும் இடத்தில் பட்டாளம் காரை மறித்தது. அவர் தன் அனுமதிப் பத்திரங்களைக் கொடுத்தார். பெடியன் என்னிடம் திரும்பி, “உன்னுடையது?” என்றான். பெர்மெஸ்ஸோ இல்லை, ரசீதுதான். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “இவர் என் சாரதி. பெட்டியின் திறப்புச் சாவி என் கழுத்தில் இருக்கிறது” என்றார் சிஞ்ஞோரா. விட்டுவிட்டார்கள். நான் அடுத்த மூன்று கிலோமீற்றரும் இரண்டாம் கியரிலேயே ஓட்டியிருக்கிறேன். சிஞ்ஞோரா சொன்ன பிறகுதான் தெரிந்தது.

மலையில் தோனினோவும் எட்டுப் பேரும் நாய்களோடு நின்றார்கள். சிஞ்ஞோராவை ஒருவரும் கூப்பிடவில்லை. ஆனால் அவருடைய காணிக்குள்தான் வேட்டை, விலக்கவும் முடியாது. பன்றி வராத மூலை என்று அவர்கள் நினைத்த இடத்தில் அவரை நிறுத்தினார்கள். ஒரு வாய்க்கால் கரை. நான் வெறுங்கையோடு பின்னால் குந்தியிருந்தேன். மண்ணைப் பார்த்தேன். பன்றித் தடம் புதிதாய்க் கிடந்தது; அவர்கள் நினைத்தது பிழை. ஆனால் நான் வாய் திறக்கவில்லை.

நாய்கள் கீழே குரைத்தன. பத்தை அசைந்தது. முப்பது அடியில் ஒரு ஆண் பன்றி வாய்க்காலைக் கடக்க வந்து ஒரு நொடி நின்றது. சிஞ்ஞோராவின் கன்னம் கட்டையில் சாய்ந்தது. வெடித்தது. பன்றி முன்னங்கால் மடிந்து விழுந்தது, பிறகு அசையவில்லை.

அவர் கை நடுங்கத் தொடங்கிற்று. அடுத்த சன்னம் ஏற்ற இழுக்கிற பிடியை மூன்று தரம் தவறவிட்டார். துவக்கைக் கல்லில் சாய்த்துவிட்டு, அந்தப் பக்கம் திரும்பி வாந்தி எடுத்தார். நான் தண்ணீர் கொடுத்தேன். “அது என்னைப் பார்த்தது, சிவா” என்றார். எனக்கு அது தெரியும். என்னுடைய முதல் பன்றிக்குப் பிறகு நான் இரண்டு நாள் சோறு தின்னவில்லை.

அரை மணித்தியாலத்தால் இன்னொன்று வந்தது. நான் அதைக் காணும்போதே வெடி கேட்டுவிட்டது. பன்றி விழுந்தது. சிஞ்ஞோரா பிடியை இழுத்து, வெடித்த சன்னத்தின் வெறும் கோதை விழுத்தி, அடுத்ததை ஏற்றி, பத்தையைப் பார்த்தபடி நின்றார். கை நடுங்கவில்லை. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துச் சந்தோசமாய்ச் சிரித்தார்.

“பார்த்தாயா? இரண்டாவது என்னை ஒன்றும் செய்யவில்லை.”

மற்றவர்கள் மேலே ஏறி வந்தார்கள். அன்று விழுந்தது அந்த இரண்டு பன்றிகள்தான். தோனினோ தொப்பியைக் கழற்றினார். காணியைப் பற்றிய கதை அன்றோடு நின்றது. எல்லோரும் துவக்கைக் கையில் வாங்கிப் பார்த்து, நல்ல தெரிவு என்றார்கள். சிஞ்ஞோரா என் முதுகில் தட்டினார்.

நான் அவர் சொன்னதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஐம்பத்தெட்டு வயது, கணக்கு ரீச்சர், ஒரு எறும்பை மிதித்தால் மன்னிப்புக் கேட்கிற ஆள். அவருக்கு முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் அரை மணித்தியாலம்தான் வேண்டியிருந்தது. நான் தெரிந்தெடுத்துக் கொடுத்த துவக்கு அவ்வளவு பொருத்தமாக இருந்தது.

6

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வசந்தி வேலைக்குப் போயிருந்தாள். நான் ராணியின் கடிதத்தை எடுத்துத் தர்சினிக்கு வாசித்துக் காட்டினேன். கடையில் ஏன் கத்தினேன் என்றும் சொன்னேன். அவள் சுபாவைக் கடைசியாகக் கண்டது ஐந்து வயதில், முகம் ஞாபகமில்லை. கடிதத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

“அப்பா, சிஞ்ஞோராவுக்கு நாங்கள் கையெல்லாம் அளந்து பாத்தனாங்கள்தானே.”

“ஓம்.”

“சுபாவுக்கு ஆர் அளந்து பாத்தது?”

நான் தாளை எடுத்தேன். அன்றுதான் கடிதம் எழுத வந்தது. சரி பிழை எதுவும் எழுதவில்லை. முதலாவது தரம் கை நடுங்கும், மருமகளே, அதற்குப் பயப்படாதே என்று எழுதினேன். நடுங்காமல் போகிற அந்த இரண்டாவது தரத்துக்குத்தான் எனக்குப் பயம். அதைச் செய்ய வல்லவள் என்பதற்காக நீ செய்யத்தான் வேண்டும் என்றில்லை. அம்மா தனிய இருக்கிறா. இன்னும் ஒரு மாதம் பொறு. பிறகு திரும்பவும் ஒரு மாதம் பொறு. நான் விட்டுவிட்டு வந்தவன்தான், அதை மறைக்கவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

தர்சினியும் ஒரு தாளில் எழுதினாள். தமிழில் நாலு வரி. ஒவ்வொரு வரியிலும் பிழை. ‘ழ’ எழுத மறந்து என்னிடம் கேட்டாள். என்ன எழுதினாள் என்று காட்டவில்லை, உறையை அவளே ஒட்டினாள். பின்னேரம் வசந்தி வந்ததும் அவளுக்கும் எல்லாம் சொன்னேன். இவ்வளவு நாளும் ஏன் மறைத்தீர்கள் என்று அழுதாள்.

கொழும்பில் ஒரு விலாசத்துக்கு அனுப்பினோம். மார்கழி போயிற்று, தை போயிற்று. வன்னியில் சண்டை என்று இங்கே தொலைபேசியில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாய்ச் சொன்னார்கள். தர்சினி பள்ளிக்கூடத்தால் வந்ததும் கீழே தபால் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் மேலே ஏறுவாள். முன்பெல்லாம் அவள் அதைத் தொட்டதே இல்லை.

மாசியில் பதில் வந்தது. ராணியின் எழுத்து, ஒரு பக்கம். மழை, மாவு இல்லை, காய்ச்சல் மருந்து இல்லை. கடைசியில்தான் அது இருந்தது: “உங்கடை கடிதத்தை ஒருக்கால் வாசிச்சவள். தர்சினியின்ரையைக் கன தரம் வாசிச்சவள். இன்னும் போகேல்லை.”

நான் அதைச் சத்தமாய் வாசித்தேன். வசந்தி கும்பிட்டாள். தர்சினி நெற்றியைச் சுருக்கினாள்.

“அப்பா, ‘இன்னும் போகேல்லை’ எண்டால் என்ன? இனிப் போகமாட்டா எண்டோ? இல்லாட்டி, போவா, ஆனால் இன்னும் போகேல்லை எண்டோ?”

தமிழ் அவளுக்குக் குறைவு என்று நான் அடிக்கடி ஏசுவதுண்டு. அன்று என் தமிழும் போதவில்லை.

“இந்தக் கடிதம் எழுதின அண்டைக்கு வீட்டிலை நிண்டவ எண்டு அர்த்தம், பிள்ளை.”

அவள் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, மேலே இருந்த திகதியைப் பார்த்தாள். பிறகு விரல்களை மடித்து, இத்தாலியனில், ஒவ்வொரு நாளாக எண்ணத் தொடங்கினாள்.